இரண்டாவது வாய்ப்பு யாருக்கு?

பத்தாம் வகுப்புத் தேர்வை சி.பி.எஸ்.இ. மாற்றுவது புதிதல்ல. கபில் சிபல் காலத்தில், 2011-ல், அது மாணவர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 2018-ல் மீண்டும் கட்டாயமானது. 2026 முதல் ஆண்டுக்கு இரண்டு தேர்வு. பிப்ரவரியில் எழுதுவது கட்டாயம். தேறியவர்கள் மதிப்பெண்ணை உயர்த்த மே மாதத்தில் மூன்று பாடங்கள் வரை மறுபடி எழுதலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், பிப்ரவரியில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களை எழுதாமல் விட்டவருக்கு மே மாதத் தேர்வு கிடையாது. அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும். ஆக, 92 வாங்கியவர் 95-க்கு முயலலாம். அம்மை போட்டுப் படுத்துவிட்ட மாணவிக்கு ஒரு வருடம் போச்சு. பனிப்பிரதேசப் பள்ளிகளையும் விளையாட்டு வீரர்களையும் மறக்காமல் சலுகை தந்த வாரியம், நோயாளிகளை மட்டும் எப்படி மறந்தது? இரண்டாவது வாய்ப்பு முதலில் தேவைப்படுவது அவர்களுக்குத்தானே.