கால் அசைந்தால் போதுமா?

பாரிசவாதம் கண்ட ஒருவரைப் பார்க்க வைத்தியசாலைக்குச் செல்லும் எம்மவர் முதலில் கேட்பது, "கால் அசைகிறதா?" என்பதையே. அசைகிறது என்ற பதில் கிடைத்ததும் கடவுளுக்கு நன்றி சொல்லித் திரும்புகின்றோம். அந்தக் கால் நிலத்தை உணர்கின்றதா என்று விசாரிப்பார் அரிது. வீடு வந்து சில வாரங்களில், நடக்கத் தொடங்கிய அதே மனிதர் குளியலறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும்போதுதான், நடந்த காலுக்கு உணர்வில்லாதிருந்தது தெரியவருகின்றது.

மூளையில் அசைவுக்கான பாதை வேறு, உணர்வுக்கான பாதை வேறு. தசையின் வலு மீண்ட பின்னரும் தொடுகையும், சூடு குளிரும், மூட்டு எந்நிலையில் இருக்கின்றது என்னும் அறிவும் மீளாதிருத்தல் கூடும். இவற்றுள் இறுதியாகச் சொன்னதே நடைக்கு உயிரானது. இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வோட்டர்மன் என்பவர் 1971 இல், தமது 19 ஆவது வயதில், ஒரு நோயின் பின்னர் கழுத்துக்குக் கீழே தொடுகையையும் உறுப்புகளின் நிலையறியும் உணர்வையும் முற்றாக இழந்தார். அவருக்கு வந்தது பாரிசவாதமன்று. தசைகளின் வலு குறையவுமில்லை. ஆயினும் அவரால் எழுந்திருக்கவும் முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்தே நீண்ட பயிற்சியின் மூலம் மீண்டும் நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் அவர் விழுந்துவிடுவார். வலு மாத்திரம் இருந்து பயனென்ன என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எம்மவருக்கு இதில் மற்றுமோர் இடர் உண்டு. "கால் விறைச்சுப் போச்சுது" என்கிறார் எமது ஆச்சி. யாழ்ப்பாணத்தில் அதன் பொருள் உணர்வற்றுப் போயிற்று என்பது. குளிரால் நடுங்குவதையும் விறைத்தல் என்போம். கட்டை போல இறுகுவதும் விறைப்பே. அருகில் நிற்கும் பத்து வயதுப் பேரன், தான் அறிந்த சொல்லில், கால் இறுகியிருக்கிறதாம் என்று வைத்தியருக்குச் சொல்கிறான். அவரும் இறுக்கத்துக்கு மருந்தெழுதுகிறார். தமிழகத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளரும் இதே இடத்தில் தடுக்கி விழக்கூடும், ஏனெனில் அங்கே அதனை மரத்துப்போதல் என்பர். உணர்வுச் சோதனை என்பது முழுக்க முழுக்கச் சொல்லில் தங்கிய சோதனை. கண்ணை மூடச் செய்து, தொடுவது தெரிகிறதா, கூர்மையா மொட்டையா, பெருவிரல் மேலேயா கீழேயா என்று கேட்பார்கள். கேள்வி விளங்காத முதியவர் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் 'யேஸ்' என்று தலையாட்டுவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம்.

பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே ஒழுங்கு செய்கின்றது. சிறுபிள்ளைகளை அப்பணியில் நிறுத்தலாகாது என்பதே இங்குள்ள நெறி. அதேபோல், இங்கிலாந்துக்கான நைஸ் நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு வழிகாட்டல், பாரிசவாத நோயாளருக்கு அவரவர் தேவைக்கேற்ப நாளொன்றுக்குக் குறைந்தது 3 மணித்தியாலம், வாரத்தில் 5 நாட்களேனும் மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கவேண்டும் என்கிறது. அத்தனையும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் கேளாதவருக்குக் கிடைப்பது அதனிலும் குறைவு. அகதியாக வந்தவர்கள் எதையும் கேட்டு வாங்கக் கூசுவது எமக்கு விளங்குகின்றது. இவ்விடயத்தில் அக்கூச்சம் வேண்டாம்.

இனி வீட்டு நிலைமை. நோயாளியைக் கட்டிலிற் கிடத்தி, வாயில் ஊட்டி, காலை எண்ணெய் பூசி உருவிவிடுவதை நாம் பாசம் என்கின்றோம். உருவுவதில் தீங்கில்லை, ஆனால் நோயாளி தொலைக்காட்சியைப் பார்த்திருக்க, மற்றவர் உருவிக்கொண்டிருப்பதை உணர்வுப் பயிற்சியாகக் கொள்ள முடியாது. மூளை கவனம் செலுத்தினாற்றான் கற்கும். மெல்பேர்ன் ஆய்வாளர் லீயன் கேரி கைகளுக்காக வகுத்த பயிற்சியின் சாரமும் இதுவே: கண்ணை மூடி உணர்ந்து சொல்லல், பின் கண்ணைத் திறந்து சரிபார்த்தல், நல்ல பக்கத்தோடு ஒப்பிடல், இலகுவானதிலிருந்து கடினமானதற்குச் செல்லல். காலைப் பற்றிய ஆய்வுகள் கையைப் பற்றியவற்றிலும் குறைவு. ஆயினும் இயன்மருத்துவர்கள் காலுக்கும் இவ்வழியையே கைக்கொள்கின்றனர். கதிரையில் இருத்தி, வெறுங்காலின் கீழே துவாய், காப்பெற், மரப்பலகை என மாற்றி மாற்றி வைத்து எது என்று கேட்கலாம். பெருவிரலை மேலும் கீழும் அசைத்து வினவலாம். எழுந்து நிற்கும்போது பாரத்தை இரு கால்களிலும் சமமாக இறக்கச் சொல்லலாம். அப்போது ஒருவர் அருகில் நின்றே ஆகவேண்டும். நாளுக்குச் சில தடவை, சில நிமிடங்கள் போதும். முதல் மாதங்களிலேயே முன்னேற்றம் விரைவு; பின்னரும் அது முற்றாக நின்றுவிடுவதில்லை.

உணர்வற்ற காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். தோல் வெந்தாலும் நோயாளி அறியார். குளிர்காலத்தில் ஹீற்றரோடு காலை ஒட்டி வைத்து உறங்குவதும் அவ்வாறே. நீரிழிவும் கூடவே உள்ளவர்களுக்கு, எம்மவரிடையே அத்தகையோர் பலர், ஒரு சிறு கொப்புளம் காலையே கொண்டுபோகலாம். நாள்தோறும் பாதத்தைப் பார்த்து வாருங்கள். மலசலகூடத்துக்குச் செல்லும் வழியில் இரவு முழுவதும் சிறு விளக்கு எரியட்டும். கழன்று விழும் செருப்புக்குப் பதிலாகப் பாதத்தைப் பற்றிநிற்கும் சப்பாத்து அணியட்டும்.

தொட்டால் தெரியாத கால் நெருப்பாய் எரிகிறது என்று ஒருவர் சொன்னால் அதனை மனப்பிரமை என்று ஒதுக்கவும் வேண்டாம். மூளையின் தலாமசுப் பகுதி பாதிக்கப்பட்டோருக்கு அத்தகைய வலி வருவதை டெஜெரின், ரூசி என்னும் இரு பிரெஞ்சு வைத்தியர்கள் 1906 இலேயே எழுதிவிட்டனர். வழமையான வலிமருந்து அதற்கு உதவுவது அரிது. வேறு மருந்துகள் உள்ளன.

ஆண்டுதோறும் மண்டபம் எடுத்துக் கலைவிழா நடத்தும் எமது சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். விறைப்பு, மரப்பு, எரிவு, கூச்சம், இறுக்கம், ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவற்றை எமது வழக்கிலும் இந்நாட்டு மொழியிலும் அருகருகே அச்சிட்ட ஒரு தாளை வீடுதோறும் கொடுங்கள். விழா மலரின் ஒரு பக்கச் செலவுதான்.