உங்க ஓட்டு எந்த வடைக்கு?

வடை விஷயத்தில் வீட்டுக்கு வீடு கட்சி உண்டு. அப்பாவுக்கு மசால் வடை, அம்மாவுக்கு மெதுவடை, பிள்ளைகளுக்குச் சாம்பார் வடை. என்னைக் கேட்டால், உளுந்து வடைக்குத்தான் என் ஓட்டு!

உளுந்து இடுப்புக்கும் எலும்புக்கும் வலு என்கிறது சித்த மருத்துவம். வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பது அதனால்தான். ஆனால் உளுந்து மந்தம்; வாயுவும் சேர்க்கும். மாவில் மிளகு, இஞ்சி, பெருங்காயம் போடுவது ருசிக்கு மட்டுமல்ல, அந்த வாயுவை அடக்கவும்தான். நடுவில் துளை போடுவதும் அழகுக்கல்ல. உள்பக்கம் சீராக வேகத்தான். மசால் வடைதான் வேணுமா? கடலைப்பருப்பும் லேசில் ஜீரணமாகாது. சோம்பு, பூண்டைத் தாராளமாகச் சேருங்கள்.

ஆனா ஒண்ணு. எந்த வடையானாலும் முதலில் எண்ணெயைப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் இதயத்துக்கு எதிரி. அதில் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் நம் நாட்டில் சட்டம். கடையில் போய் அதை அளக்க நம்மால் முடியுமா? எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

வீட்டில் சுட்டு, சூடாக, சாயங்காலம் ரெண்டு போதும். மூணாவதுக்குக் கை நீளும்போது, வயிற்றையும் ஒரு வார்த்தை கேளுங்க!