புல் வெட்டும் கூலி: பேரம் பேசுமுன் கணக்குப் பார்ப்போம்

கொழும்பிலும் தெஹிவளை, நுகேகொடை போன்ற அயல் நகரங்களிலும் வீட்டு முற்றத்துப் புல்லைப் பராமரிப்பது இன்று ஒரு தொழிலாகிவிட்டது. முன்னரென்றால் மண்வெட்டியும் கத்தியுமாக ஒருவர் வருவார். நாட்கூலியை வாங்கிக்கொண்டு முற்றத்தைத் துப்புரவாக்கிவிட்டுப் போவார். இப்போது ஒரு முச்சக்கர வண்டியையும் புல் வெட்டும் மெஷினையும் வைத்துக்கொண்டு எமது இளைஞர்கள் பலர் இதனைச் சிறு வியாபாரமாகச் செய்கின்றனர். முதல் குறைவு, கடை வாடகை இல்லை, மழை பெய்தால் புல் வளரும். நல்ல தொழில்தான். ஆனால் இதில் இறங்கிய சிலர் இரண்டு வருடத்தில் மெஷினை விற்றுவிட்டு வேறு வேலை தேடுவதையும் காண்கிறேன். வேலை கிடைக்காமல் அல்ல, விலை சொல்லத் தெரியாமல்.

வீட்டுக்காரருக்கும் இதே குறைதான். ஒருவர் 7,000 கேட்கிறார், மற்றவர் 3,000 கேட்கிறார்; எது நியாயம் என்று அவருக்கு விளங்குவதில்லை. ஆகவே இரு தரப்பாருக்குமாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இங்குள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அவ்விடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வேலையாட்களுக்குத் தலைக்கு 3,500 ரூபா வீதம் நாட்சம்பளம் 7,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் தருநர் செலுத்த வேண்டியது 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், ஆக 1,050 ரூபா. போக்குவரத்து 1,000. மெஷினுக்குப் பெற்றோல், ஓயில், நைலோன் தங்கூசி 700. 60,000 ரூபா மெஷின் 240 நாட்கள் உழைக்குமென்றால் தேய்மானம் நாளொன்றுக்கு 250. மொத்தம் 10,000 ரூபா.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. மாதம் 25 நாட்களுக்குச் சம்பளம் கொடுத்து, மழையால் 5 நாட்கள் வேலை நடக்கவில்லை என்று வையுங்கள். அந்த 5 நாட்களின் சம்பளச் செலவையும் மற்ற 20 நாட்கள்தான் சுமக்க வேண்டும். அதற்கு நாளொன்றுக்கு இன்னும் சுமார் 2,000 ரூபா. ஆக ஒரு நாளின் உண்மையான செலவு 12,000. நாளொன்றுக்கு இரண்டு வீடுகள் செய்தால் வீட்டுக்கு 6,000. அதன்மேல் 20 வீத இலாபம் வைத்தால் 7,200 ரூபா.

அப்படியானால் 3,000 ரூபாவுக்கு வருபவர் எப்படி வருகிறார்? அவர் தேய்மானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, சேமலாப நிதி கட்டுவதில்லை, தன் உழைப்புக்கும் கூலி போடுவதில்லை. கையில் வரும் காசெல்லாம் இலாபம் என்று எண்ணுகிறார். மெஷின் பழுதாகும் நாளில்தான் தன் முதலையே தின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியவரும். இத்தகையவரோடு விலையில் போட்டி போடுவது வீண் வேலை என்பதே என் அபிப்பிராயம்.

அதற்காக 7,200 ரூபாவைப் பிடிவாதமாகக் கேட்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. விலையைக் குறைக்க நேர்மையான வழியொன்று உண்டு. ஒரே ஒழுங்கையில் மூன்று வீடுகளை ஒரே நாளில் பிடியுங்கள். ஓடித்திரியும் நேரம் மிச்சமாவதால் மூன்றாவது வீட்டையும் முடிக்கலாம். அப்போது வீட்டுக்குச் செலவு 4,000. 5,000 ரூபாவுக்குக் கொடுத்தாலும் நாள் இலாபம் 3,000. முன்னர் இரண்டு வீட்டில் கிடைத்ததோ 2,400. வீட்டுக்காரருக்கு 2,200 ரூபா மிச்சம், உங்களுக்கு 600 ரூபா கூடுதல். கடைத்தெருவில் வியாபாரம் செய்து பழகிய எம்மவர்களுக்கு இந்தச் சூத்திரம் புதிதல்ல. விற்பனை பெருகினால் விலை இறங்கும்.

அடுத்தது அளவு. காணியின் அளவைப் பார்த்து விலை சொல்லாதீர்கள், புல்லின் அளவைப் பாருங்கள். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. 15 பேர்ச்சஸ் காணியில் வீடும் சீமெந்துத் தரையும் போனால் 6 பேர்ச்சஸ் புல் மிஞ்சலாம். அது 1,633 சதுர அடி. நாடா பிடித்து அளந்து, வீட்டுக்காரர் முன்னிலையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் அளவு வளர்ந்த புல்லின் முதல் வெட்டுக்குக் கூடுதலாகக் கேட்பதும் நியாயமே. ஒரே தடவையில் இலையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டினால் புல் நலிந்துவிடும் என்பதால், அங்கு இரண்டு தடவை போக வேண்டியிருக்கும்.

மேல் மாகாணத்தில் தென்மேல் பருவமழைக் காலத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் புல் வேகமாக வளரும்; ஜனவரி, பெப்ரவரியில் அடங்கிவிடும். ஆகையால் வருடத்துக்கு 18 தடவை எனப் பேசி, அதனைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்து வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது. 5,000 வீதம் 18 தடவைக்கு 90,000. மாதம் 7,500 ரூபா. பசளை, மண், புதுப் புல் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டுடன் தனியாக அறவிடுங்கள்.

பெற்றோல் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல், 2022 ஜூனில் 470 ரூபாவானது. அதுபோன்ற ஒரு நிலை வந்தால் விலையை மீண்டும் பேசுவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். ஆனால் பெற்றோல் 10 வீதம் ஏறியது என்பதற்காகக் கூலியை 10 வீதம் ஏற்றாதீர்கள். மேற்சொன்ன கணக்கில் போக்குவரத்தும் மெஷின் செலவும் 1,700 ரூபாதான். அது முழுவதும் 10 வீதம் ஏறினாலும் நாளுக்கு 170 ரூபா. மூன்று வீட்டில் பிரித்தால் வீட்டுக்கு 57 ரூபா. வாடிக்கையாளருக்கும் கணக்குத் தெரியும்.

வெறும் புல் வெட்டுபவராக மட்டும் போகாதீர்கள். 2017ஆம் ஆண்டில் நாட்டில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நுளம்பு பெருகாமல் வளவைப் பேணும் பொறுப்பை 2007ஆம் ஆண்டின் சட்டம் வீட்டுக்காரர்மீது சுமத்தியிருக்கிறது. பீலியில் அடைபட்ட இலை, பூச்சட்டித் தட்டில் தேங்கிய நீர், சிரட்டை, டயர் இவற்றைப் பத்து நிமிடத்தில் பார்த்துத் துப்புரவாக்கிவிட்டு வருபவரை, நூறு இருநூறு ரூபாவுக்காக எந்த வீட்டுக்காரரும் மாற்றமாட்டார்.

வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். விலை கேட்கும்போதே, எத்தனை தடவை வருவார்கள், வெட்டிய புல்லை யார் அகற்றுவது, வேலையாளுக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் கேளுங்கள். இவற்றுக்குப் பதில் இல்லாத 3,000 ரூபா மலிவு அல்ல. தொழில் செய்யும் தம்பிமார் இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து, போன மாதச் செலவை மேலே காட்டிய வரிசையில் எழுதிப் பாருங்கள். நாளை யாரிடம் என்ன விலை சொல்வது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.