கோடியில் நின்ற பெரியம்மாள்

சென்ற தைப்பொங்கலன்று, எலெக்ட்ரானிக் சிட்டியிலுள்ள நம் இல்லத்துக் கூடத்தில், குடும்பத்தார் 14 பேரும் வரிசையாக நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். அடுக்குமாடிக் கூடத்தில் பின்னே செல்ல இடமேது? ஆகவே 0.5 என்று குறியிட்ட அகன்ற வில்லையைப் பயன்படுத்தினோம். படம் தஞ்சைக்குச் சென்ற சிறிது நேரத்தில் அழைப்பு வந்தது. "அக்காளுக்கு முகமெல்லாம் வீங்கினாற்போல இருக்கிறதே, டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று பெரியம்மாளின் தம்பி பதறினார். பெரியம்மாளோ அடுக்களையில் வடை தட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு நோயொன்றும் இல்லை. வரிசையின் கோடியில் நின்றார், அவ்வளவே.

சுற்றியுள்ள காட்சியைத் தட்டையான பரப்பில் பதிப்பது, சாத்துக்குடித் தோலை மேசைமேல் விரிப்பது போன்றது. எங்கேனும் இழுத்தாக வேண்டும். சுவரும் நிலைப்படியும் நேர்கோடாகத் தெரிய வேண்டுமெனில், ஓரத்திலுள்ள உருண்டைப் பொருள் வெளிப்புறமாக நீளும். நடுவிலிருந்து 45 பாகை விலகினால் 1.4 மடங்கு, 60 பாகையெனில் இரு மடங்கு. முகத்தைக் காக்க முற்பட்டால் சுவர் வளையும். மீன்கண் வில்லை அவ்வகையது. நீருக்கடியிலிருந்து மீன் மேலே காணும் காட்சியை ஆராய்ந்து, அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் வுட் 1906-இல் வழங்கிய பெயர் அது. இரண்டையும் ஒருங்கே காக்கும் வில்லையை எத்தகைய வல்லுநராலும் இழைக்க இயலாது.

ஒளியும் ஓரத்தை வஞ்சிக்கும். எளிய வில்லையில் 60 பாகைச் சரிவில் விழும் ஒளி, நடுவில் விழுவதில் பதினாறில் ஒரு பங்கே. 1900-இல் ஜெர்மனியின் கோயர்ட்ஸ் நிறுவனத்தார் ஹைப்பர்கான் என்ற வில்லையை வெளியிட்டபோது, நடுவொளியைச் சிறிது மட்டுப்படுத்த, ரப்பர்ப் பந்தை அழுத்திக் காற்றினால் சுழற்றும் நட்சத்திரத் தகடொன்றை முன்னே வைத்தனர். (நமக்குத் தீபாவளிச் சங்குசக்கரம் நினைவுக்கு வருகிறது!) 1946-இல் ரஷ்யரான ரூசினோவ், இருபுறமும் குழிவில்லைகளை நிறுத்தி அக்குறையைத் தணித்தார். உள்ளே முகக்கண்ணாடி எழுந்து விழும் காமிராக்களிலோ வில்லை பிலிமை நெருங்க முடியாது. அதற்கென 1950-இல் பிரான்சின் ஆஞ்ஜெனியூ, முன்னே குழிவில்லையால் ஒளியை விரித்துப் பின்னே குவிக்கும் அமைப்பைக் கொணர்ந்தார்.

கைப்பேசியில் பெரும்பாலும் பிளாஸ்டிக் வில்லைகளே. மிஞ்சும் வளைவை உள்ளிருக்கும் கணிப்பொறி நிமிர்த்துகிறது. சுவர் நிமிர, பெரியம்மாளின் முகம் நீள்கிறது. முகத்தை மட்டும் தனியே கண்டு திருத்தும் கைப்பேசிகளும் உண்டு, நம்முடையது அத்தகையதன்று.

அன்றிரவே பெரியம்மாளை நடுவில் அமர்த்தி, வாயிற்கதவைத் திறந்து நடைவழி வரை பின்வாங்கி, சாதாரண வில்லையால் மறுபடி எடுத்தனுப்பினோம். தம்பிக்கு அச்சம் தெளிந்தது. "அக்காள் இளைத்துவிட்டாளே" என்று மட்டும் கேட்டார்.