ஆசிட் பாட்டிலை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்

மூக்கைத் துளைக்கிற நெடியும், ஊற்றியதும் பொங்குகிற நுரையும் இருந்தால்தான் அழுக்கு போகும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஊறிக் கிடக்கிறது. பாத்ரூமில் தண்ணீர் தேங்கினால் “கொஞ்சம் ஆசிட் ஊத்தி விடு, போயிடும்” என்பதுதான் முதல் யோசனை. அது ஆபத்தான யோசனை மட்டுமல்ல, வேலைக்கே ஆகாத யோசனை.

குளியலறைச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். முடிக் கற்றை, அதில் அப்பிய சோப்பு, சீயக்காய்ச் சக்கை, ஷாம்பு பாக்கெட்டிலிருந்து கிள்ளி எறிந்த மூலை. சமையலறைத் தொட்டிக்கு அடியில் உள்ள வளைவில் உறைந்த எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் டீத்தூளும் இருக்கும். தெருவில் விற்கிற ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்புத்தண்ணீர்க் கறையையும் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட்டையும் அது கரைக்கும். முடியையும் எண்ணெயையும் அசைக்காது.

கடையில் டப்பாவில் வரும் அடைப்பு நீக்கி வேறு வகை. அதில் இருப்பது காஸ்டிக் சோடா. அது கொழுப்பையும் முடியையும் அரிக்கும், உண்மைதான். ஆனால் தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடேறி மேலே தெறிக்கும். அந்தச் சூட்டில் பிவிசி குழாய் இளகும். அடைப்பு விடவில்லையென்றால் அந்தக் காரம் முழுவதும் வளைவிலேயே தேங்கி நிற்கும். பொறுமை இழந்தவர் அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றுவார், அது கொதித்து முகத்தில் அடிக்கும். இல்லையென்றால் பிளம்பரைக் கூப்பிடுவார். உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. குழாயைக் கழற்றும்போது வெந்துபோவது அவர் கை, அவர் கண். என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே தெரு வண்டியில் வருகின்றன, ஒரே மூலையில் அடுக்கப்படுகின்றன. இரண்டும் கலந்தால் வெளிவருவது குளோரின். 1915இல் பெல்ஜியப் போர்முனையில் ஜெர்மானியப் படை எதிரிகள் மேல் திறந்துவிட்ட அதே வாயு. ஜன்னல் சாத்திய குளியலறையில் நுரையீரலைப் புண்ணாக்கக் கொஞ்சம் போதும்.

பாட்டில் விஷயத்துக்கு வருவோம். பழைய குளிர்பான பாட்டில், லேபிள் கிடையாது, உள்ளே இருப்பது பார்க்கத் தண்ணீர் மாதிரி. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த ஊர் நம் கள்ளக்குறிச்சி. கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை எரிந்ததைப் பார்த்த நாம், பேர் எழுதாத பாட்டிலில் நிறமற்ற திரவத்தை வீட்டுக்குள் விடலாமா? அமெரிக்காவில் செவாலியே ஜாக்சன் என்ற மருத்துவர், காஸ்டிக் காரத்தை விழுங்கி உணவுக்குழாய் சுருங்கிப்போன குழந்தைகளுக்கு ஆண்டுக்கணக்கில் சிகிச்சை தந்தார். அதன் பிறகு, டப்பாவில் ‘விஷம்’ என்று எழுத வைக்கும் சட்டத்துக்காகப் போராடி 1927இல் வென்றார். நம் உச்ச நீதிமன்றமும் 2013இல், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட லட்சுமி தொடுத்த வழக்கில், ஆசிட் விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும், வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. எந்தத் தெரு வண்டியில் பதிவேடு இருக்கிறது?

“அப்போ அடைப்பை எப்படி எடுப்பது?” கையால்தான். முதலில் சல்லடையைத் தூக்கி, முனையில் கொக்கிபோல வளைத்த கம்பியை விட்டுத் திருகி இழுங்கள். பெரும்பாலும் ஒரு முழ ஆழத்துக்குள்ளேயே முடிப் பந்து வந்துவிடும். சமையலறை அடைப்பு என்றால், பத்துப் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு அடியில் ஒரு வாளி வைத்து வளைவுக் குழாயின் மரையைத் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். அதற்கும் மேலே போனால் ரப்பர் பம்ப், அதையும் தாண்டினால் பிளம்பரின் ஸ்பிரிங் கம்பி. எண்ணெய்ப் பிசுக்குக்குப் பாத்திர சோப்புக் கரைசலும் கை பொறுக்கும் வெந்நீரும் போதும். கொதிக்கும் தண்ணீர் பிவிசிக்கு ஆகாது. சோடா உப்பும் வினிகரும் ஊற்றச் சொல்கிறார்களே என்றால், அவை ஒன்றையொன்று முறித்துக்கொண்டு நுரைப்பதோடு சரி. தீங்கு இல்லை, பெரிய பலனும் இல்லை. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் கொட்டாமல் இருப்பதும், சல்லடை மேல் ஒரு சின்ன வலை போடுவதும் அதைவிட எவ்வளவோ மேல்.

யாராவது ஆசிட்டையோ காஸ்டிக் சோடாவையோ விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்டது, ஏறும்போது இன்னொரு முறை சுடும். எலுமிச்சைச் சாறு கொடுத்து முறிக்கவும் பார்க்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108ஐ அழைத்து, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் குறைந்தது 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் மலைப்பாதையில் இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று கல்வராயன் மலைக்காரர்களுக்குத் தெரியும். அங்கே ஆசிட் வண்டி ஏறவே கூடாது. கருணாபுரத்துக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்த அரசு, 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வண்டிகளை நிறுத்தி ஒரு பதிவேட்டைக் கேட்கட்டும்.