காற்று குறைந்தால் விளக்கு எரியும்!

பொழுது விடிந்தால் போதும். அயனம்பாக்கம் சாலைகளில் சிறு சரக்கு வண்டிகள் ஓடத் தொடங்கிவிடும். பக்கத்திலேயே 1964-ல் ஏற்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை. சரக்குக்குக் குறைவில்லை.

அத்தனை பாரத்தையும் தாங்குவது எது? டயர் என்பீர்கள். உண்மையில் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று!

காற்று குறைந்தால் டயரின் பக்கங்கள் மடிந்து மடிந்து நிமிரும். அதனால் சூடேறும். சூட்டில் ரப்பர் அடுக்குகள் பிரியும். வேகமாகப் போகும்போது டயர் வெடிக்கும். வண்டி கவிழும்.

அமெரிக்கச் சட்டம்

அமெரிக்காவில் பயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து, வண்டிகள் கவிழ்ந்து, இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். 2000-ம் ஆண்டில் இது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அந்த ஆண்டே புதுச் சட்டம் வந்தது. அதன்படி 2007 செப்டம்பர் முதல், சுமார் 4½ டன் வரையுள்ள புது வண்டிகளில் காற்று எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. சிறு சரக்கு வண்டிகளும் இதில் அடக்கம்.

எப்படி வேலை செய்கிறது?

சக்கரத்துக்குள், காற்றடிக்கும் வால்வோடு சேர்ந்து, பாட்டரியுள்ள ஒரு சிறு கருவி இருக்கும். அது காற்றை அளந்து ரேடியோ அலை மூலம் செய்தி அனுப்பும். உடனே டிரைவருக்கு எதிரே மஞ்சள் விளக்கு எரியும்.

வேறொரு முறையும் உண்டு. காற்றிறங்கிய சக்கரம் சற்றுச் சிறுத்து, மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். அதை வைத்தே குறையைக் கண்டுபிடிப்பார்கள்.

விளக்கு சிறிது நேரம் மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிகிறதா? அப்படியானால் பெரும்பாலும் கருவியிலேயே கோளாறு!

நம் நாட்டில்

சிறிய வண்டிகளில் இக்கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால், டியூப் இல்லாத டயருக்கு ஸ்டெப்னி வேண்டாம் என 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. இது சலுகைதான். கருவியை எல்லா வண்டிக்கும் அந்த விதி கட்டாயமாக்கவில்லை. பாரம் சுமக்கும் வண்டிக்குத்தான் இந்தக் காவல் அதிகம் தேவை. ஆனால் பல சரக்கு வண்டிகளில் அது இல்லை!

விளக்கை மட்டும் நம்பலாமா?

கூடாது. அமெரிக்க விதிப்படி, கால் பங்கு காற்று குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 40 பவுண்டு இருக்கவேண்டிய டயர் 32-க்கு இறங்கினாலும் விளக்கு பேசாமலிருக்கலாம்!

ஆகவே வாரம் ஒருமுறை, காலையில் வண்டி ஓடுமுன் காற்றை அளந்து பாருங்கள். எவ்வளவு தேவை என்பது பெரும்பாலும் டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும். பாரம் ஏற்றும்போது எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

ஓடும்போது விளக்கு எரிந்தால் பதறி பிரேக்கை மிதிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். சரக்கு அரைமணி தாமதமாகப் போகலாம். டிரைவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்!