பாயிரம் பாட வேண்டியவர் மாணாக்கரே

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்தற்கு உரியவர் யாவர் என்பதை நன்னூலார் வரையறுத்துக் கூறியுள்ளார். நூலாசிரியனுக்குக் கற்பித்த ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவனுடைய மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகியோரே அதற்கு உரியர். எத்துணைப் புதுமைகளைக் கண்டு எத்தனைத் துறைகளை முடித்தவராயினும், தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளல் தகுதியன்று என்பது அதற்கு அவர் காட்டும் காரணம். பவணந்தி முனிவர் நூலுக்கு வகுத்த இந்நெறி, மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் கற்பிக்கும் நல்லாசிரியர்களைப் பாராட்டுதற்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

தமிழ்த்துறை மலரில் இயற்பியல் ஆசிரியருக்கு என்ன இடம் என்று மாணவமணிகள் வினவலாம். ஆசிரியரின் இலக்கணத்தை நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கு உவமைகளால் விளக்கிய மொழி நம்முடையது. நல்லாசிரியர் எத்துறையில் இருப்பினும் அவரை இனங்கண்டு போற்றுதல் தமிழ் கற்றவர்க்கும் உரிய கடமையேயாகும்.

அமெரிக்க நாட்டு இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபெய்ன்மன், நியூயார்க் நகரில் ஃபார் ராக்கவே உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். அங்கு அவருக்கு இயற்பியல் கற்பித்தவர் பேடர் என்னும் ஆசிரியர். வகுப்பில் பாடம் எளிதாக இருந்தமையால் ஃபெய்ன்மன் சலிப்புற்றுப் பேசிக்கொண்டிருப்பார். பேடர் அவரைத் தண்டிக்கவில்லை. உயர்நிலை நுண்கணித நூல் ஒன்றைக் கையில் கொடுத்து, பின்வரிசையில் அமர்ந்து இதனைப் படி, முழுதும் தெரிந்த பின் பேசலாம் என்றார். மற்றொரு நாள் வகுப்பு முடிந்தபின் தனியே அழைத்து, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். அதுவே மீச்சிறு செயல் தத்துவம். வீசியெறிந்த பந்து ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் குறித்த நேரத்தில் செல்ல எத்தனையோ பாதைகளைக் கற்பனை செய்யலாம். ஒவ்வொரு பாதையிலும் கணந்தோறும் இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, காலம் முழுமைக்கும் கூட்டிப் பார்த்தால், பந்து உண்மையிற் செல்லும் பாதையில்தான் அத்தொகை மிகக் குறைவாக இருக்கும்.

அந்த ஒரு நாள் உரையாடல் வீண் போகவில்லை. 1942 ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஃபெய்ன்மன் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, அதே தத்துவத்தைக் குவாண்டம் இயக்கவியலுக்கு விரிப்பதாக அமைந்தது. 1965 இல் ஷ்விங்கர், டொமொனாகா ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உலகெங்கும் பயிலப்படும் அவருடைய இயற்பியல் விரிவுரைத் தொகுதியில் இத்தத்துவத்தை விளக்கும் இயலை, தம் பள்ளி ஆசிரியர் பேடரின் பெயரைச் சொல்லியே தொடங்கினார். மாணாக்கன் பாடிய சிறப்புப் பாயிரம் என்பது இதுதான்.

பேடர் செய்த அப்பணி எந்தப் பதிவேட்டிலும் ஏறியிராது. தேர்ச்சி விழுக்காட்டில் அதற்கு இடமில்லை. அன்றைய பாடக்குறிப்பிலும் இடமில்லை. ஆனால் நாம் ஆசிரியரைப் பாராட்டும்போது பெரும்பாலும் நோக்குவது தேர்ச்சி விழுக்காட்டையே. நூற்றுக்கு நூறு பெற்ற மாணவர் எத்தனை பேர் என்பதே கேள்வியாகிறது. இதன் விளைவை நாம் கண்கூடாகக் கண்டோம். 11 ஆம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, 12 ஆம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் வேரூன்றியது. அதனைத் தடுக்கவே தமிழக அரசு 2017-18 ஆம் கல்வியாண்டில் 11 ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. இயக்க விதிகள், ஈர்ப்பு, வெப்பம், அலைவு, அலை ஆகிய அடிப்படைகள் யாவும் 11 ஆம் வகுப்பில்தான் உள்ளன. அவற்றைக் கல்லாது கல்லூரிக்கு வரும் மாணவர், அடித்தளம் இல்லாத சுவரின் மீது மாடி கட்ட முயல்பவராவர். அவ்வழக்கத்திற்கு உடன்படாமல் ஊசல் கட்டி ஆட்டிக் காட்டி முறையாகக் கற்பித்த ஆசிரியரோ, விழுக்காட்டுக் கணக்கில் பின்தங்கியவராகக் கருதப்பட்டிருப்பார்.

அரசு விருதுகள் வேண்டா என்பது என் வாதமன்று. ஆசிரியர்களுக்கான தேசிய விருது 1958 முதல் வழங்கப்படுகிறது. 2018 இல் அம்முறை மாற்றப்பட்டு, ஆசிரியரே நேரடியாக விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. பரிந்துரைப்பார் இல்லாதவர்க்கும் கதவு திறக்க வேண்டும் என்னும் நோக்கம் நல்லதே. தம் ஆற்றலை அறியாதவரிடத்துத் தம்மைப் புகழ்ந்து கூறலாம் என்று நன்னூலாரும் விலக்கு அளிக்கிறார். ஆயினும், தம் பணியைத் தாமே பட்டியலிட்டு அனுப்பக் கூசும் ஆசிரியர்கள் பலர் உள்ளனர். சிறந்த ஆசிரியர் பலரிடம் அக்கூச்சமும் உடன் காணப்படுகிறது. அவர்களை யார் சொல்வது? அவர்தம் மாணாக்கரே சொல்ல வேண்டும்.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. இராமேசுவரத்துத் தொடக்கப் பள்ளியில் அறிவியல் கற்பித்த சிவசுப்பிரமணிய ஐயர், பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டியதோடு அமையாமல், மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று கண்ணாரக் காணச் செய்தார். டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக உயர்ந்த பின்னும் இதனை மேடைதோறும் எடுத்துரைத்தார். இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளியில் தம்மை ஊக்குவித்த ஐயாதுரை சாலமனையும் அவர் மறந்தாரல்லர். இவ்வாசிரியர்களை நாம் இன்று அறிவது கலாமின் நாவினால்தான்.

எல்லா மாணவரும் கலாம் ஆகார். எல்லார்க்கும் மேடையும் கிட்டாது. ஆகவே கல்லூரிகள் அம்மேடையை அமைத்துத் தரலாம். இளநிலை இயற்பியல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு மாணவரிடமும், உனக்கு இயற்பியலில் விருப்பம் ஊட்டிய பள்ளி ஆசிரியர் யார், அவர் செய்தது என்ன என்று ஒரு பக்கம் எழுதி வாங்கலாம். ஆண்டுதோறும் அவற்றை ஆராய்ந்து, ஓர் ஆசிரியரைக் கல்லூரி நாள் விழாவிற்கு அழைத்து, அம்மாணவரே மேடையேறிப் பாராட்டுரை வழங்கச் செய்யலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. விருப்பு வெறுப்புக்கு இடமுண்டு என்று சிலர் ஐயுறலாம். மதிப்பெண் தரும் ஆசிரியரைவிட வினா கேட்கவைத்த ஆசிரியரை நினைவுகூரும் பக்கங்களை, படிப்பவர் எளிதில் பிரித்தறிய முடியும்.

சமுதாயப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவ்வாசிரியருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், அவர் பணிபுரியும் பள்ளியின் ஆய்வகத்திற்கு ஊசல் குண்டும் வில்லையும் முப்பட்டகமும் மின்கலமும் வாங்கி அளியுங்கள். பொன்னாடையை அவர் பெட்டியில் மடித்து வைத்துவிடுவார். முப்பட்டகத்தையோ மறுநாளே வகுப்பிற்கு எடுத்துச் செல்வார்.

மாணவமணிகளே, உங்கள் ஊர்ப் பள்ளியில் உங்களுக்கு இயற்பியல் கற்பித்தவர் இன்றும் அதே கரும்பலகையின் முன் நின்றுகொண்டிருக்கக்கூடும். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அவரைச் சென்று கண்டு, அவர் கற்பித்த எது உங்களிடம் நிலைத்தது என்பதைச் சொல்லுங்கள். பாயிரம் அங்கிருந்தே தொடங்கட்டும்.